மெலிந்த நாட்களில் கிடைத்த வாழ்த்துகள்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மூன்று மாதங்களுக்குள் எனக்கு ஒன்பது கிலோ எடை குறைந்தது. அதற்காக நான் எதையும் செய்யவில்லை. சாப்பாட்டைக் குறைக்கவில்லை, நடைப்பயிற்சிக்குக்கூடப் போகவில்லை. ஆனாலும் அந்த மூன்று மாதங்களில் கிடைத்த அளவுக்குப் பாராட்டு, நான் உண்மையாகவே உழைத்துச் செய்து முடித்த எந்தக் காரியத்துக்கும் கிடைத்ததில்லை. "பாதியாகிவிட்டீர்களே, என்ன ரகசியம்?" என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்டார்கள். பத்து ஆண்டுகளாக ஒரு வார்த்தைக்கு மேல் பேசியிராத உறவினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறாய்" என்றார். அந்த 'இப்போதுதான்' என்ற ஒரு சொல்லில் என்னுடைய முந்தைய நாற்பது ஆண்டுகளும் அடிபட்டுப் போனது எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் மகிழ்ந்தேன்.

அந்த நாட்களில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். இரவில் தூக்கம் வராது. மின்விசிறிக்கு நேர் கீழே படுத்தாலும் வியர்க்கும். ஒரு காலை வெளியே கிளம்பும் அவசரத்தில் கண்ணாடி முன் நின்று தோடு போட்டுக்கொண்டிருந்தேன். தோட்டின் தண்டு காதில் நுழைந்துவிட்டது, திருகாணியைத்தான் மாட்ட முடியவில்லை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் அது நடுங்கியது. மரையில் உட்காராமல் மூன்று முறை நழுவித் தரையில் உருண்டது. விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் மூன்றாம் முறை அதைக் குனிந்து எடுத்து, தானே மாட்டிவிட்டாள். பிறகு என் இரு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சித்தி, உங்கள் விரல்கள் ஏன் இப்படி நடுங்குகின்றன?" என்று கேட்டாள். அந்த மூன்று மாதங்களில் என்னைப் பார்த்த அத்தனை பேரிலும், என் இடுப்பைப் பார்க்காமல் கையைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது தெரிந்தது. கவனிக்காமல் விட்டால் இதயத் துடிப்பின் சீர் கெடலாம், எலும்புகள் வலுவிழக்கலாம் என்று மருத்துவர் விளக்கி, மாத்திரை எழுதித் தந்தார். இரண்டு மாதங்களில் கை நடுக்கம் நின்றது, தூக்கம் வந்தது, எடையும் திரும்பி வந்தது. அதோடு கூடவே, "ஐயோ, மறுபடியும் போட்டுவிட்டாயே" என்ற குரல்களும் வந்தன. அப்போது நான் செய்த ஒரு காரியத்தை எழுதுவதற்கு எனக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது: பதினொரு நாட்கள் அந்த மாத்திரையை வேண்டுமென்றே விழுங்காமல் விட்டேன். மறதியால் அல்ல. மாத்திரைதான் என்னைக் குண்டாக்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இதயத்துக்கு என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்தும், அட்டையை மேசை இழுப்பறைக்குள் தள்ளி வைத்தேன். பன்னிரண்டாம் நாள் படிக்கட்டில் ஏறும்போது மூச்சு முட்டி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் பயம் வந்தது.

படித்தவள், சம்பாதிப்பவள், உருவக் கேலி தவறு என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்பவள் நான். அப்படிப்பட்ட நானே மெலிவையும் உயிரையும் தராசின் இரண்டு தட்டுகளில் வைத்து, பதினொரு நாட்கள் மெலிவின் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்றால், உடலை ஏற்றுக்கொள்வது பற்றி நாம் பேசும் பேச்சில் ஏதோ ஒன்று அடி ஆழம் வரை போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள். அந்த ஏதோ ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

மனம் தன் உடலைப் பற்றித் தனக்குள் வரைந்துகொள்ளும் படத்தை 'உடல் பிம்பம்' என்கிறோம். அந்தக் கருத்துக்கு 1935-இல் விரிவான வடிவம் கொடுத்தவர் பால் ஷில்டர் என்ற உளவியல் மருத்துவர். அந்தப் படம் கண்ணாடியில் தெரிவதோடு ஒத்துப்போக வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். பெண்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. எடையைப் பற்றிய அதிருப்தி பெண்களிடையே விதிவிலக்காக இல்லாமல் விதியாகவே ஆகிவிட்டது என்று 1984-இல் ஜூடித் ரோடினும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் எழுதினார்கள். அவர்கள் அதற்கு இட்ட பெயரை 'இயல்பாகிப்போன மனக்குறை' என்று தமிழில் சொல்லலாம். எல்லோருக்கும் இருப்பதால் அது நோயாகத் தெரிவதில்லை; பெண்கள் கூடிப் பேசும்போது வானிலை பற்றிப் பேசுவதைப் போல இடுப்பைப் பற்றிக் குறைபட்டுக்கொள்கிறோம்.

என் வீட்டிலேயே இதைப் பற்றி ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று அக்கா, மற்றொன்று அவளுடைய மகள்.

அக்காவுக்கு இரண்டாம் வகை நீரிழிவு. கண்டறிந்த நாளிலிருந்து அவள் தன் உடலோடு நடத்திய போராட்டத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் எழுந்து நடந்தாள், தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டியையும் கணக்கிட்டாள், 14 கிலோ குறைத்தாள், மாத்திரைகளும் குறைந்தன. உடலை உள்ளபடியே ஏற்றுக்கொள் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "நீ ஏற்றுக்கொள்வாய், உன் சர்க்கரை உன்னை ஏற்றுக்கொள்ளுமா?" என்பாள். அவள் பக்கத்தில் வலுவான சான்று இருக்கிறது. நீரிழிவு கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகாதவர்களிடம் பிரிட்டனில் நடத்தப்பட்ட டைரக்ட் என்ற ஆய்வின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. மருத்துவக் கண்காணிப்போடு எடையைக் குறைக்கும் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதத்தினருக்கு ஓராண்டில் மருந்தில்லாமலே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 சதவீதம். இதை மறைத்துவிட்டு, எடைக்கும் நலத்துக்கும் தொடர்பே இல்லை என்று பேசுகிறவர்கள் என் அக்காவைப் போன்றவர்களுக்குத் துரோகம் செய்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

அக்கா மகள் பள்ளி நாட்களில் பட்டப்பெயரால் அழைக்கப்பட்டவள். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. கல்லூரிக்குப் போன பிறகு உடல் ஏற்பு இயக்கத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தாள். பி.எம்.ஐ. என்று நாம் வேதவாக்காகச் சொல்லும், உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 1830-களில் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய வானியலாளர் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று அறிய மக்கள்தொகையை அளந்தபோது பிறந்தது, தனி ஒருவரின் நலத்தைத் தீர்மானிக்க உருவானதல்ல என்று எனக்குச் சொன்னவள் அவள்தான். 1972-இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் அதற்கு இப்போதைய பெயரைச் சூட்டினார். தசைக்கும் கொழுப்புக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரியாது. அந்த வாதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அளவுகோலின் குறை இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் அவளிடம் சொன்னேன்: ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே ஆபத்து தொடங்குகிறது என்பதால், பி.எம்.ஐ. 25-ஐத் தொடும் வரை காத்திராமல் 23-இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் பரிந்துரைத்தது. மெலிந்தவர்கள் என்று நாம் வாழ்த்தும் பலருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அந்த எண் சொல்லாது. என் தைராய்டைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

இந்த இயக்கத்தின் தொடக்கத்தைப் பற்றி அவள் சொல்லக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. இன்று இன்ஸ்டாகிராமில் காணும் இனிமையான வாசகங்கள் எதுவும் அப்போது இல்லை. 1967-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பருத்த உடலுள்ளவர்களும் அவர்களுடைய நண்பர்களுமாகச் சில நூறு பேர் கூடி, எடைக் குறைப்பு நூல்களை எரித்தார்கள். 1969-இல் அவர்களுக்கென ஒரு சங்கம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 1973-இல் ஜூடி ஃப்ரீஸ்பிரிட், ஆல்டிபாரன் என்ற இரு பெண்கள் எழுதிய அறிக்கை, வாழ்க்கையின் எல்லாத் துறைகளிலும் சம உரிமை கேட்டது. எடைக் குறைப்பை விற்றுப் பிழைக்கும் தொழில்களைத் தங்கள் எதிரி என்று வெளிப்படையாக அறிவித்தது. வேலை தர மறுக்காதே, மருத்துவமனையில் அவமதிக்காதே என்பதுதான் அவர்களுடைய கோரிக்கையின் சாரம். தங்கள் உடலைத் தாங்கள் நேசிக்கிறார்களா என்ற கேள்வி அங்கே முதல் கேள்வியாக இல்லை. பிற்பாடு அந்தக் குரலைச் சந்தை எடுத்துக்கொண்டது. டவ் நிறுவனம் 2004-இல் 'உண்மையான அழகு' என்ற பெயரில் விளம்பரங்களைத் தொடங்கியது. பல உருவங்களிலுள்ள சாதாரணப் பெண்களை அவற்றில் காட்டியது நல்ல காரியம்தான். ஆனால் டவ்வுக்குச் சொந்தக்காரரான யூனிலீவர் குழுமம் அதே காலத்தில் 'ஃபேர் அண்ட் லவ்லி'யையும் விற்றுக்கொண்டிருந்தது. 2020-இல்தான் அந்தப் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கியது. அதனால் 'உன்னை நீ நேசி' என்று ஒரு விளம்பரம் என்னிடம் சொல்லும்போது, இதை யார் சொல்கிறார்கள், என்னிடம் எதை விற்கப் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அக்காவிடம் நான் மாறுபடுவது ஒரே ஒரு இடத்தில். வெட்கப்பட வைத்தால்தான் மனிதர்கள் திருந்துவார்கள் என்று அவள் உறுதியாக நம்புகிறாள். தன்னையும் அப்படித்தான் திருத்திக்கொண்டதாகச் சொல்வாள். ஆனால் ஒருநாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு, அவளே வேறொன்றைச் சொன்னாள். நோயின் அறிகுறிகள் தெரிந்த பிறகும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவள் மருத்துவரிடம் போகவில்லை. அந்த மருத்துவமனையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் கூடத்திலேயே எடை இயந்திரம் இருந்தது. செவிலியர் எண்ணை உரக்கப் படித்துச் சொல்வார். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து இரண்டு ஆண்டுகளைத் தள்ளிப்போட்டிருக்கிறாள். வெட்கம் அவளுக்கு மருந்தாக இருந்ததா, அவளை மருந்திடமிருந்து தள்ளி வைத்ததா? பல நாட்டு மருத்துவ வல்லுநர்கள் 2020-இல் வெளியிட்ட கூட்டறிக்கை இதைத்தான் சொல்கிறது: எடையைக் காரணமாக்கி இழிவுபடுத்துவது உடலையும் மனத்தையும் கெடுக்கிறது, உரிய சிகிச்சை கிடைக்கவிடாமலும் தடுக்கிறது. எடையைக் குறைக்க வேண்டியவர்களுக்கும் மரியாதை தேவை. அவர்களுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை.

அக்கா மகளிடம் நான் மாறுபடுவதைச் சொல்வது எனக்குக் கடினமாக இருக்கிறது, ஏனென்றால் என்னைக் காப்பாற்றியவள் அவள். அவள் அறையில் கண்ணாடியைச் சுற்றிச் சிறு காகிதங்கள் ஒட்டியிருந்தாள். 'என் உடல் அழகானது', 'என் உடலை நான் நேசிக்கிறேன்' என்றெல்லாம் அவற்றில் எழுதியிருந்தது. ஒருநாள் அவற்றில் பாதி கிழிந்து கிடந்தன. "என்னால் முடியவில்லை சித்தி. முன்பெல்லாம் உடலைப் பிடிக்கவில்லையே என்று மட்டும்தான் அழுவேன். இப்போது, பிடிக்காமல் போகிறதே, நான் இவ்வளவு பலவீனமானவளா என்று சேர்த்து அழுகிறேன்" என்றாள். கனடாவில் ஜோஆன் வுட்டும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு அப்போது என் நினைவுக்கு வந்தது. அது உடலைப் பற்றியது அல்ல. 'நான் நேசிக்கத் தக்கவள்' என்பது போன்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, தன்மதிப்புக் குறைவாக உள்ளவர்களின் மனநிலை தேறுவதற்குப் பதிலாக மேலும் தாழ்ந்தது என்று அவர்கள் கண்டார்கள். மனம் நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, மனம் உள்ளேயிருந்து எதிர்வாதம் செய்யத் தொடங்கிவிடுகிறது. நேசம் ஆணையிட்டு வருவதல்ல. 'மெலிந்திரு' என்ற பழைய கட்டளையின் இடத்தில் 'உன் உடலைக் கொண்டாடு' என்ற புதிய கட்டளை வந்திருக்கிறது. தேர்வு மாறினாலும் பெண் இன்னமும் தேர்வு எழுதிக்கொண்டேதான் இருக்கிறாள்.

"எல்லாம் உன் மனத்தில்தான் இருக்கிறது" என்று சொல்லும் மூன்றாவது தரப்பு ஒன்றும் உண்டு. அவர்களுக்கு ஃபிஜித் தீவுகளின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். நல்ல பசியையும் வலுவான, சதைப்பற்றுள்ள உடலையும் மதித்து வந்த சமூகம் அது. அங்கே நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களிலும், மூன்று ஆண்டுகள் கழித்து 1998-இலும், ஆன் பெக்கர் என்ற ஆய்வாளரின் குழு அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் ஒரே வினாத்தாளைக் கொடுத்தது. உணவு தொடர்பான மனக் கோளாற்றுக்கான அபாய அளவைத் தாண்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகியிருந்தார்கள். எடையைக் குறைப்பதற்காக வாந்தி எடுப்பதாக முதலில் ஒருத்தியும் சொல்லவில்லை; மூன்று ஆண்டுகளில் 11.3 சதவீதத்தினர் சொன்னார்கள். அந்தப் பகுதிச் சிறுமிகளின் மனம் அந்த மூன்று ஆண்டுகளில் தானாகவே பலவீனமாகிவிட்டதா? இப்போது கையடக்கத் திரையில் ஒரு நாளைக்கு எத்தனை உடல்களைப் பார்க்கிறோம் என்று எண்ணிப் பார்க்கவே தயக்கமாக இருக்கிறது. பிரான்ஸ் 2017 முதல், விளம்பர மாடல்களின் உருவத்தைக் கணினியில் மாற்றினால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டமாக்கியது. நார்வேயும் 2021-இல் அப்படி ஒரு சட்டம் இயற்றியது. நேர்மையைக் கருதி இவற்றை வரவேற்கிறேன். ஆனால் இத்தகைய குறிப்புகள் பார்க்கும் பெண்களின் அதிருப்தியைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. குறிப்பைப் படிப்பதற்குள் கண் தன் ஒப்பீட்டை முடித்துவிடுகிறது.

என் பதினொரு நாட்களைப் பற்றி யோசிக்கும்போது, எனக்கு மிகவும் உதவியது 1997-இல் பார்பரா ஃப்ரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் என்ற உளவியலாளர்கள் முன்வைத்த ஒரு கருத்து. எப்போதும் பிறரால் பார்க்கப்படுகிறோம் என்று பழகிவிட்ட பெண், நாளடைவில் அந்தப் பார்வையாளரைத் தனக்குள்ளேயே குடியேற்றிக்கொள்கிறாள். தன் உடலுக்குள்ளிருந்து வாழ்வதை விட்டு, வெளியே நின்று அதைக் கண்காணிக்கிறாள். அடுத்த ஆண்டு அவர்களும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆண்களும் பெண்களும் ஒவ்வொருவராகத் தனி அறையில், கண்ணாடி முன், சிலர் நீச்சலுடையிலும் சிலர் ஸ்வெட்டரிலும் இருந்து கணக்குப் போட வேண்டும். நீச்சலுடை அணிந்த பெண்களின் மதிப்பெண் குறைந்தது, ஆண்களுக்குக் குறையவில்லை. அறையில் வேறு யாருமே இல்லை என்பதுதான் இதில் என்னைத் தைத்தது. ஒரு சோதனையை வைத்துப் பெரிய முடிவுக்கு வர நான் விரும்பவில்லை, ஆனால் அது வருணிப்பதை நான் அறிவேன். கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே வயிற்றை உள்ளிழுத்துப் பிடித்திருப்பேன். குழுப் படத்தில் யாருடைய தோளுக்குப் பின்னால் பாதி மறையலாம் என்று தேடுவேன். என் மகனின் முதல் மூன்று வயதுப் படங்களைப் புரட்டினால், பெரும்பாலானவற்றில் நான் இல்லை. ஒன்றில் அவன் கையைப் பிடித்திருக்கும் என் மணிக்கட்டு மட்டும் ஓரத்தில் தெரிகிறது. படம் எடுப்பவளாகவே இருந்துவிட்டால் படத்தில் விழ வேண்டியதில்லை என்று அன்று கண்டுபிடித்திருந்தேன்.

ஆகவே நான் விரும்புவது உடலின் மேல் காதலை அல்ல; அதை மறந்திருக்கும் உரிமையை. பசித்தால் உணவு, வலித்தால் மருந்து, களைத்தால் ஓய்வு என்று அதன் தேவைகளைக் கேட்டுக் கொடுத்துவிட்டு, மீதி நேரத்தில் என் கண் உலகத்தின் மேல் இருக்க வேண்டும். இதை 'உடல் நடுநிலை' என்று சிலர் அழைக்கிறார்கள். மரிகா டிக்மேன் என்ற ஆய்வாளர் பல வயதுப் பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் எழுதியதில் எனக்குப் பெரிய ஆறுதல் இருந்தது: வயது ஏறினாலும் உடல் மீதான அதிருப்தி பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது, தோற்றத்துக்குத் தரும் முக்கியத்துவம்தான் குறைகிறது. பிடிக்காமலே இருந்தாலும் அதைப் பெரிதாக எண்ணாமல் வாழ முடியும் என்று இதைப் படித்துக்கொள்கிறேன். அது வயதானவர்களுக்கு மட்டும் ஏன் கிடைக்க வேண்டும் என்று என் அக்கா மகளைப் பார்க்கும்போது தோன்றுகிறது. தெருவில் இறங்கினாலே கேலிக்கு ஆளாகும் பெண்ணால் தன் உடலை அவ்வளவு எளிதில் மறந்திருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்கு 1973-இன் அறிக்கைதான் இன்றும் பொருந்தும். சுற்றியிருப்பவர்கள் மாறாமல் அவளை மட்டும் மனப்பயிற்சி செய்யச் சொல்வது நியாயமில்லை.

அப்படி மாற வேண்டியவர்களில் நாங்களும் உண்டு என்பதால், நாங்கள் மூவரும் ஒன்றை ஒப்புக்கொண்டோம். ஒருவரைச் சந்தித்ததும் அவருடைய உடலைப் பற்றிய எதையும், பாராட்டையும் சேர்த்துத்தான், முதல் பேச்சாகப் பேசுவதில்லை. பாராட்டை விடுவதுதான் மிகக் கடினமாக இருந்தது. பல மாதங்கள் கழித்து ஒருவரைப் பார்த்ததும் வாயில் தானாக வந்து நிற்கும் சொற்கள் அத்தனையும் எடையைப் பற்றியவை என்பது, அவற்றை விழுங்க முயன்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சென்ற மாதம் அக்கா வந்தாள். வாசலில் நின்றபோதே கன்னம் ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. வாய் வரை வந்த வார்த்தையை அடக்கிக்கொண்டு, "இரவில் நன்றாகத் தூங்குகிறாயா அக்கா?" என்று கேட்டேன். அவள் பையைக் கீழே வைக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். சில வாரங்களாக நள்ளிரவில் வியர்த்துக்கொட்டி விழித்துக்கொள்வதாகவும், கை கால் உதறுவதாகவும், நன்றாக மெலிந்திருக்கிறாய் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததால் இதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை என்றும் சொன்னாள். மறுநாள் காலை இருவரும் மருத்துவரிடம் போனோம். இரவில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குகிறது என்று சொல்லி, அவர் மருந்தின் அளவைக் குறைத்தார்.

படி இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேற்று வந்தபோது நான் மெலிந்திருந்ததை நீ கவனிக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

"கவனித்தேன் அக்கா" என்றேன்.